உள்ள ஒண்ணுமில்லாத மணி

சிரிக்கணும்னா சிரி, ஆனா முழுசா கேட்டுட்டு சிரி. காத்து கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எனக்கு பேஜாரா இருக்கும். எங்க ஷூ பேக்டரில பின்பக்க பாத்ரூம்ல என்னமோ இருக்குதுன்னு பொண்ணுங்க ஜோடி ஜோடியாதான் போவாங்க, நா தனியா போய்ட்டு பாட்டு பாடினே வருவேன். அப்படிப்பட்ட ஆளு நானு.

என் பொண்ணு பவிக்கு அப்ப ரெண்டரை வயசு. பூனை மாதிரி நடப்பா, சத்தமே வராது. இப்பதான் கட்டில் மேல இருந்தா, திரும்பி பாத்தா தெருவுல நிப்பா. கொலுசு போட்டேன், அத்துப் போச்சு. அந்த நேரத்துலதான் என்கூட ஸ்டிச்சிங்ல வேல பாக்குற மெர்சி அக்கா, பாகாயத்துல அவங்க அம்மா வூட்டுப் பக்கம் சர்ச்சுல அறுப்புப் பண்டிகை, வாடின்னு கூட்டினு போனாங்க. அங்க ஒரு ஸ்டால்ல ஒட்டி சீல் வெச்ச டப்பாவா அடுக்கி வெச்சிருந்தாங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு சொல்ல மாட்டாங்களாம், கைவேல சாமானாம், மணி, ஜரிகை, பாசி எது வேணா இருக்கலாமாம், வர்ற காசு ஆதரவில்லாத பசங்க ஹோமுக்காம். மணின்னு காதுல வுழுந்ததும் எனக்கு பவியோட காலுதான் ஞாபகம் வந்துச்சு. இருக்கறதுலயே பெரிய டப்பாவா பாத்து எடுத்தேன்.

வூட்டுக்கு வந்து பிரிச்சா, காஞ்சு கல்லாப் போன பசை, ஒண்ணுக்கொண்ணு சேராத பட்டனு, அத்தன நூல்கண்டும் ஊதா கலரு. அடியில, நீ நம்பினா நம்பு, தோல் துண்டு! எங்க கட்டிங்ல தெனம் கூட்டித் தள்ற அதே மாதிரி பழுப்பு கலர் துண்டு. ஆம்பூர்ல இருந்துனு தோல் துண்ட காசு குடுத்து வாங்கி, பஸ்ல மடியில வெச்சினு வந்தவ ஒலகத்துலயே நா ஒருத்திதான். எங்க வூட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல எனக்கு வயிறு எரிஞ்சுது. கடைசியா ஒரு கவர்ல மணி இருந்துச்சு, பித்தளையில குட்டி குட்டியா, அவ்ளோ அழகு. அப்பாடான்னு எடுத்து ஆட்னேன். சத்தமே இல்ல. ஒவ்வொண்ணா ஆட்னேன், ஒண்ணும் அடிக்கல. ஊசியால நெம்பி பாத்தா உள்ள உருள்ற குண்டே போடல, வெறும் கூடு. மறுநாளு மெர்சி அக்காகிட்ட சண்டைக்கே போய்ட்டேன். "நல்ல காரியத்துக்கு குடுத்தது, வுடுடி"ன்னாங்க. நல்ல காரியந்தான், யாரு இல்லன்னா, அதுக்குன்னு ஊமை மணியா குடுப்பாங்க?

பவி அத வுடல, வேணும்னு ஒரே அழுகை. சரி போன்னு அந்த தோல்லயே ஒரு பட்டி அறுத்து, ஊதா நூல்ல மணியெல்லாம் வெச்சு தெச்சு அவ கால்ல கட்டிவுட்டேன். அது பாட்டுக்கு கெடந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம. மாமியா விரிஞ்சிபுரம் கோயிலுக்கு போயிருந்தாங்க. மோட்டார் தண்ணி ஏத்தலன்னு எங்க வூட்டுக்காரரு பின்னாடி சம்ப்பு மூடிய நவுத்தி பாத்துட்டு, மெக்கானிக்க கூட்டினு வர்றேன்னு அப்படியே கெளம்பிட்டாரு. தரையோட தரையா இருக்குற தொட்டி, ஒரு ஆள முழுங்குற ஆழம். தொறந்து கெடக்குறது எனக்குத் தெரியாது. வாரம் பூரா ஓவர்டைம், சோறு துன்னுட்டு பவிய அணைச்சினு படுத்தவ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்.

மணி அடிச்சுது. கணகணன்னு. எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா, டீ மணி அடிச்சிடுச்சு! பேக்டரில டீ மணி அடிச்சா தையல நடுவுல வுட்டுட்டு எழுந்துடுவோம், லேட்டா போனா வடை தீந்துடும், ஒடம்புல ஊறிப்போன பழக்கம் அது. கண்ணக்கூட தொறக்காம எழுந்து பின்கதவு பக்கம் நடந்தேன், ஏன்னா பேக்டரில டீ பின்பக்கந்தான் குடுப்பாங்க. வேற எந்த சத்தமா இருந்தாலும் பொரண்டு படுத்திருப்பேன், சத்தியமா சொல்றேன்.

வெயிலு மூஞ்சில அடிச்சதும் கண்ணு தொறந்துச்சு. பவி சம்ப்பு ஓரத்துல குந்தினு உள்ள எட்டிப் பாத்துனு இருக்கா. நா கத்தல, கத்தினா திடுக்குனு உள்ள வுழுந்துடுவா. மெதுவா பின்னாடி போய் கவுனோட சேத்து இழுத்து அணைச்சேன். அழறேன், சிரிக்கறேன், அவ தலைய மோந்து மோந்து பாக்குறேன். செவுத்துக்கு அந்தாண்ட இருந்து பக்கத்து வூட்டு ஷாகிரா அக்கா, "இன்னாம்மா, ஞாயித்துக்கெழமயில மணி அடிக்குது, வூட்லயே பேக்டரி தொறந்துட்டியா?"ன்னாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்கு!

பவி கால புடிச்சு ஆட்னேன். சத்தம் இல்ல. ஐஸ்காரன் மணியா இருக்கும்னாரு அப்புறமா வந்த எங்க வூட்டுக்காரரு, ஐஸ்காரன் எங்க தெருவுக்கு வர்றது சாயங்காலம். எதுவா இருந்தா இன்னா, என் கொழந்த என்கிட்ட இருக்கா, அது போதும் எனக்கு. சம்ப்பு மேல இப்ப சிமெண்ட் பலகை கெடக்கு. அடுத்த பண்டிகைக்கு வாய மூடினு இன்னொரு டப்பா வாங்கினு வந்தேன், அதுலயும் குப்பைதான், சந்தோஷமா வாங்கினேன்.

பவி இப்ப ஸ்கூல் போறா, நல்லா பேசுறா. போன மாசம் அந்தப் பட்டிய எடுத்து அவ காதாண்ட ஆட்டி, "கேக்குதாடி?"ன்னு வெளையாட்டுக்கு கேட்டேன். படம் வரைஞ்சினு இருந்தவ நிமிந்துகூட பாக்கல. "இப்ப அது அடிக்காதும்மா"ன்னா.

அந்த 'இப்ப' தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. பேக்டரில டீ மணி அடிச்சா எல்லாரும் டம்ளர எடுத்துனு ஓடுறாங்க, நா மொதல்ல மாமியாளுக்கு போன் போட்டு பவி எங்கன்னு கேக்குறேன்.