அக்கா கேட்ட பூ

இதை அக்கா இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே பல வருடம் போய்விட்டது. இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் மாரியம்மனைக் கும்பிட்டு எழுதிவிடுகிறேன்.

அக்கா எடப்பாடிக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். ஐந்தாவது வரை படிப்பு. மேச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருடத்தில் மாமாவை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பினார். எழுபதுகளில் பஞ்சாயத்துக்கு ஒரு மகளிர் உறுப்பினர் வேண்டும் என்றபோது, பேருக்கு இருக்கட்டும் என்று அக்காவைப் போட்டார்கள். தீர்மான நோட்டு கையெழுத்துக்காக வீட்டுக்கே வந்தது.

"கூட்டமே நடக்காம கையெழுத்து என்னத்துக்குங்க? கூப்புடுங்க, வாரேன்" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. வீட்டிலிருந்து முக்காலி கொண்டுபோய் உட்கார்ந்தார். தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், மேட்டூர் பஸ் ஊருக்குள் வந்து போவது எல்லாம் அக்கா நடையாய் நடந்து வாங்கியவை.

எண்பதுகளில், வெகுகாலம் கழித்துத் தேர்தல் வந்தது. கூலி வேலைக்குப் போகும் கிழக்குத் தெருப் பெண்கள் வந்து, "தலைவருக்கு நீங்க நில்லுங்கம்மா. நீங்க இருந்தாத்தான் எங்க தெருவுக்கு அடிபம்பு வரும்" என்றார்கள். அக்காவுக்கும் ஆசை இருந்தது. "சாமி உத்தரவு குடுத்தா நிக்கறேன்" என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டாலே, "பிரசிடெண்டம்மா தம்பி வாராருங்கோ, பெஞ்சைத் தொடச்சு உடுங்கப்பா" என்பார்கள். "இனி ஊட்டுல சோறாக்கறது நீதானா மாப்ள?" என்பான் இன்னொருவன். நானும் சிரித்துவிட்டு வருவேன். உள்ளே எரியும்.

பூ கேட்கும்போது வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பை ஓர் இலையிலும் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் உத்தரவு. அக்கா பூ கேட்கப் போன அன்று நானும் கூடப் போனேன். பூசாரி விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "குடுங்க, நான் கட்டறேன்" என்று பூவை வாங்கிக் கோயிலுக்குப் பின்னால் போனேன். இரண்டிலும் சிவப்பையே வைத்து வாழைநாரால் கட்டினேன். அம்மனுக்கு முதுகு காட்டி நின்றுதான் கட்டினேன்.

அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "சாமி வேண்டாங்குது" என்றார். மற்றதைப் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "சோறு உண்டயா சாமி?" என்று எப்போதும்போல எனக்குத் தட்டு வைத்தார்.

அக்கா தேர்தலில் நிற்கவில்லை. கிழக்குத் தெருவுக்குப் பல வருடம் அடிபம்பு வரவில்லை. அந்தப் பெண்கள் குடத்தோடு எங்கள் தோட்டத்து வழியே போகும்போதெல்லாம் நான் மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொள்வேன்.

கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்த அக்காவைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், கூடவே இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

காரியம் முடிந்து அக்காவின் பெட்டியைத் திறந்தேன். திருநீற்றுப் பையோடு அந்த இலைப் பொட்டலம் இருந்தது. பூ சருகாகி நிறம் தெரியவில்லை. ஆனால் நான் கட்டியது வாழைநார். அதில் இருந்தது சேலையில் உருவிய நூல். அக்கா பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

"அவங்களுக்குச் சாமியே உத்தரவு தரலீங்க" என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், இதில் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். என் முகத்துக்காக ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். சாமி மறுக்கவில்லை. தம்பி நான்தான் மறுத்தேன்.