எந்தத் தீவு, ஹில்கே?

லேயர் ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள் ஹில்கே. ஊரில் பாதிப் பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலாகத் தண்ணீரில் காலை உதறியவர்கள். நல்ல உயரம், அகலமான தோள், எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடும் பேச்சு. கூரை போட்ட குளம் அது. பிள்ளைகள் போடும் கூச்சல் சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வரும். வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே நின்றதில் அவளுடைய இடது காது முக்கால்வாசி செத்துப்போயிற்று. வலது காதும் பேருக்குத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் மனசிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. இந்தக் காலத்து ஜனங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவள் கட்சி. காதில் விழாதபோது எதிராளியின் முகத்தைப் பார்ப்பாள். முகம் சிரித்தால் அவளும் சிரிப்பாள். புருவம் உயர்ந்தால் "சரி" என்பாள். அதனால் பெரிதாக எந்த வம்பும் வந்ததில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

அவளுக்கு இரண்டு சிநேகிதிகள். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரேம்டா எதற்கும் திட்டம் போடுகிறவள். பூக்கடை வைத்திருக்கும் ஃபென்னா போன இலையுதிர் காலத்தில்தான் புருஷன் எயில்ட்டை விட்டுவிட்டு வந்து, கடைக்கு மேலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். குளம் திறக்கும் முன்பே மூவரும் காலையில் நீந்துவார்கள். பிப்ரவரியில் ஒருநாள், பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ரேம்டா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்: "ஜூன்ல மூணு பேரும் கோர்..."

மீதி தண்ணீரோடு போய்விட்டது. ரேம்டாவின் புருவம் உயர்ந்திருந்தது.

"சரி" என்றாள் ஹில்கே.

கோர்ஃபூ. வேறென்ன இருக்க முடியும்? வீட்டுக்குப் போகிற வழியிலேயே கோர்ஃபூ தீவின் வரைபடம் ஒன்று வாங்கினாள். மெல்லிய துணியில் இரண்டு கவுன், தோல் செருப்பு, அகலமான வைக்கோல் தொப்பி. கிரேக்க மொழியில் நன்றி சொல்லவும் மீன் கேட்கவும் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

ஆனால் சிநேகிதிகள் பேசுவது ஒன்றும் ஒட்டவில்லை.

"பூட்ஸ் வாங்கிட்டியா?" என்று கேட்டாள் ரேம்டா. "இப்பவே போட்டுப் பழகுடி. இல்லைன்னா கால் கொப்பளிச்சுப் போயிரும்."

கடற்கரைக்கு எதற்குப் பூட்ஸ்? பாறையாக இருக்கும் போல என்று ஹில்கே நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள், "கூடாரத்தை நீ தூக்கிக்கிறேன்னு சொன்னது ரொம்ப ஒத்தாசைடி" என்றாள் ஃபென்னா. எப்போது சொன்னேன்? "அப்புறம், கடைசியா நீ பிரெஞ்சு பேசினது எப்போ? பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா?"

கிரேக்க நாட்டுக்கு எதற்குப் பிரெஞ்சு? ஹில்கேவுக்குத் தலை சுற்றியது. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருவார்களோ என்னவோ. திரும்பக் கேட்டால் தன் சங்கதி வெளியே வந்துவிடும். "கொஞ்சம் இருக்கு" என்றாள். அன்றைக்கே பழைய பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினாள். இரண்டு மொழியும் கலந்து, மீனுக்கு நன்றி சொல்கிற நிலைமைக்கு வந்திருந்தாள்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஹில்கே வீட்டில் தேநீர். கல்கண்டு, கிரீம், வெண்ணெய் பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்து, மேசை நடுவில் தன் வரைபடத்தை விரித்திருந்தாள். காட்டுவதற்காகத் தோல் செருப்பும் வைக்கோல் தொப்பியும் பக்கத்திலேயே. ரேம்டா குனிந்து பார்த்தாள்.

"இது என்னடி?"

"கோர்ஃபூ."

"அது எதுக்கு இங்க?"

"போறோமே."

ரேம்டா தன் பையிலிருந்து இன்னொரு வரைபடத்தை எடுத்து அதன் மேலேயே விரித்தாள். அதுவும் ஒரு தீவுதான், பிரெஞ்சுக்காரர்களுடையது; முழுக்க முழுக்க மலை. "கோர்சிகா! கோர்-சி-கா! ரெண்டு மாசமா மலை, பூட்ஸ், கூடாரம்னு கத்திட்டிருக்கேன். நீயும் சரி சரின்னு தலையாட்டினியே!" சிரித்துச் சிரித்து ரேம்டா கோப்பையைக் கவிழ்த்துவிட்டாள். "செருப்பை மாட்டிக்கிட்டு மலை ஏறியிருப்பா, தொப்பி வேற!"

ஹில்கேவும் சிரிக்கப் பார்த்தாள். ஃபென்னா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து ஹில்கேவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஹில்கே, உனக்குக் காது கேக்கலையா?"

"கேக்குது. நீங்கதான் முணுமுணுக்கறீங்க."

"போன அக்டோபர்ல குளத்துல உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே. அது கேட்டுச்சா?"

"எது? உன் சோபா விஷயமா?"

"சோபாவா?"

"அந்த வாரம் பூரா ஸ்ப்ரிங் குத்துது, துணி கிழிஞ்சிருச்சுன்னு சோபாவைப் பத்தித்தானே புலம்பிட்டிருந்தே? தூக்கிப் போட்டுரட்டுமான்னு கேட்டே. தூக்கிப் போடு, இத்தனை வருஷம் வச்சிருந்ததே அதிகம்னு சொன்னேன்."

ரேம்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஃபென்னாவின் முகத்தை ஹில்கே பார்த்தாள். அது சிரிக்கவும் இல்லை, அதில் புருவம் உயரவும் இல்லை.

"நான் எயில்ட்டைப் பத்திக் கேட்டேன்" என்றாள் ஃபென்னா, ஒவ்வொரு சொல்லாக. "எயில்ட்டை விட்டுட்டு வந்துரட்டுமான்னு. நீ யோசிக்கவே இல்லை. எதுக்கும் வாயைத் திறக்காதவ, நீயே அப்படிச் சொல்லிட்டே. அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்குன்னு அன்னிக்கே பெட்டியைக் கட்டினேன்."

"ஃபென்னா..."

"சோபாவை அவன்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்டி."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஃபென்னா குளத்துக்கு வரவில்லை. கடைக்குப் போனால் கூட்டத்தைக் காரணம் காட்டி உள்ளே போய்விட்டாள். தான் செய்தது தப்பா, தப்பில்லையா என்று ஹில்கேவுக்குப் பிடிபடவில்லை. காதில் விழாத கேள்விக்குச் சொன்ன பதிலில் ஒரு குடும்பம் கலைந்ததென்றால் அது யார் பொறுப்பு? எயில்ட்டிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்தாள். அவன் வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான், மடியில் வறுவல் கிண்ணம். சோகமாகவும் தெரியவில்லை, சந்தோஷமாகவும் தெரியவில்லை. என்னவென்று சொல்வது? சோபா என்று நினைத்தேன் என்றா? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ரேம்டா அவளைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு காதிலும் கருவி வைத்தார்கள். வெளியே வந்ததும் ஹில்கே மிரண்டுபோனாள். தன் மழைக்கோட்டே இவ்வளவு சத்தம் போடுமா? கடற்பறவைகள் எப்போதும் இப்படித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தனவா? வீட்டில் தேநீரை ஊற்றியதும் கோப்பைக்குள் கல்கண்டு படக்கென்று விரிசல் விட்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை ஃபென்னா குளத்துப் படியில் வந்து உட்கார்ந்தாள். ஹில்கே கரையேறி, கருவிகளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ கேக்குதா?"

"கேக்குது."

"நல்லா?"

"உன் மூச்சுகூடக் கேக்குது."

"அப்போ திரும்பக் கேக்கறேன். நான் எயில்ட்டை விட்டுட்டு வந்தது சரியா?"

ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. ஃபென்னாவின் முகத்தில் பார்த்துச் சொல்ல எதுவும் எழுதியிருக்கவில்லை.

"தெரியலைடி" என்றாள்.

"எனக்கும் தெரியலை. நீ சொன்னதாலதான் வந்தேனா, எப்படியும் வந்திருப்பேனா, ஒண்ணும் புரியலை. சில நாள் உன் கழுத்தை நெரிக்கலாம்னு இருக்கு. சில நாள் பூ வாங்கித் தரலாம்னு இருக்கு."

"உன் கடையிலதானே பூ இருக்கு."

ஃபென்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோர்சிகாவுக்கு வரியா?"

"வரேன். மலை ஏற மாட்டேன்."

"அதை பிப்ரவரியிலயே சொல்லியிருக்கலாம்ல?"

ஜூனில் மூவரும் போனார்கள். திட்டத்தைக் கலைத்ததற்காக ரேம்டா கப்பல் பயணம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கூடாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு மலையேறினாள். மற்ற இருவரும் கீழே பாஸ்தியா ஊரில் துறைமுகத்தை ஒட்டி அறை எடுத்துத் தங்கினார்கள். ஹில்கேவின் பிரெஞ்சுக்கு நடுவே கிரேக்கம் புகுந்து பரிமாறுகிறவனைக் குழப்பியது. எப்படியோ மீன் வந்து சேர்ந்தது. சாயங்காலங்களில் ஃபென்னா பால்கனியில் நின்று எயில்ட்டோடு போனில் பேசினாள். ஒருநாள் கோபமாக, ஒருநாள் சிரித்துக்கொண்டு. கதவு சாத்தியிருந்தும் ஹில்கேவுக்கு எல்லாமே கேட்டது. திரும்பிப் போவாளா மாட்டாளா என்பது மட்டும் அதிலிருந்து விளங்கவில்லை.

ஃபென்னா உள்ளே வந்து, "பசிக்குது, கிளம்பு" என்றாள். ஹில்கே வைக்கோல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.