மாமா அடைத்த கோட்டைச் சுவர்

இலஞ்சியில் எங்கள் வயலுக்குப் பின்னால் ஒரு மண்கோட்டை இருந்தது. கோட்டை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்; மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுவரும், அதன் நடுவில் மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையும்தான். அந்த ஓட்டை கும்பினி வெள்ளைக்காரன் பீரங்கி போட்டது. உள்ளே நின்று சண்டை போட்டவர்கள் எங்கள் முன்னோர்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் தாய்மாமா மீசையைத் தடவிக்கொள்வார். பாவாடை கட்டிய நானும், மீசை இல்லாத குறைக்கு, தலையை நிமிர்த்திக்கொள்வேன்.

ரோட்டு வேலைக்கு அந்தச் சுவரை வெட்டி மண் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாமா தென்காசிக்கு நடையாய் நடந்தார். பழைய கட்டடங்களைப் பார்வையிடும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சாரல் அனுபவிக்கக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்தார். அவர் பார்த்து, கோட்டைதான் என்று எழுதிவிட்டால் யாரும் அதில் மண்வெட்டி வைக்க முடியாதாம். துரையும் வர ஒப்புக்கொண்டார்.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பக்கம் முதலில் சுவரைப் பூசுவார்கள். மாமாவும் அதைத்தான் செய்தார். செம்மண்ணில் கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு மிதித்து, ஓட்டையை அடைத்து, கோயில் மதில் போலக் காவியும் வெள்ளையும் பட்டை தீட்டினார்கள். நானும் இடுப்பு நோகத் தண்ணீர் சுமந்தேன். இடி விழுந்து பிளந்து நின்ற தென்காசிக் கோபுரம் எங்கள் சுவருக்கு முன்னால் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

துரை வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்த குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"அண்ணாச்சி, புதுச்சுவரு மாதிரில்லா இருக்குன்னு தொரை கேக்காரு. பீரங்கி உடைச்ச எடம் எங்கன? அதக் காட்டிட்டாப் போதும், கோட்டைன்னு எழுதிருவாரு" என்றார் குமாஸ்தா.

நான் விரலை நீட்டப்போனேன். மாமா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"எங்க கோட்டைய எவனும் உடைக்கலையே. தொரைட்ட சொல்லும்."

அப்போது அவர் மீசையைத் தொடவில்லை. துரை சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த கோடையில் வண்டிகள் வந்தன. முன்னோர்கள் கட்டியது முழுவதும் ரோட்டுக்குப் போயிற்று. நாங்கள் அடைத்த துண்டு மட்டும் கருப்பட்டியில் இறுகி, மண்வெட்டிகளை மழுங்கடித்து நின்றுவிட்டது. இன்றும் ஊருக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் கோட்டை என்று காட்டுகிறோம். எனக்கு அதில் பெருமைதான்.

துரை வந்து போன அன்று வீடு திரும்பும்போது, "ஓட்டைய அடைச்சத மறந்துட்டியளா மாமா?" என்று கேட்டேன்.

"அவன் உடைச்சத அவன்கிட்டயே காட்டச் சொல்லுதியாட்டி?" என்றார்.

துரை பிறப்பதற்கு முன்பே உடைந்த சுவராயிற்றே, இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மாமாவுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே நடந்தேன்.