காது குத்திய பால் டின்

என் மகன் காட்டில் போடும் காப்பியை நான் ஒரே ஒரு முறை குடித்திருக்கிறேன். அதுவும் காட்டில் அல்ல. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில். நான் புதிதாகத் தைத்துக் கொடுத்த வடிதுணி சரியாக வருகிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று செங்கல்லை அடுக்கி நெருப்பு மூட்டினான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்திருந்தான். விடுமுறை கிடைத்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு மலை, காடு என்று நடக்கக் கிளம்பிவிடுவான்.

பானை என்று ஒன்றும் கிடையாது. காலியான பெரிய பால்மாவு டின்னுக்குக் கம்பியில் பிடி போட்டிருந்தான். சீனர் கடையில் சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் கருக்க வறுத்த கொட்டையை, கொஞ்சம் கொரகொரவென்று அரைக்கச் சொல்லி வாங்கி வருவான். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் டின்னை நெருப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், தூளை அதற்குப் பிறகுதான் போட வேண்டும் என்றான். போட்டு மூடியபின் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ரெண்டு சப்பாத்துக் கயித்தையும் அவுத்து, உள்ள இருக்கிற கல்லைத் தட்டிட்டு, மறுபடி கட்டணும்மா. அவ்வளவுதான் நேரம்."

"கடிகாரம் எதுக்கு இருக்கு?"

"கடிகாரம் ஆத்துல நனைஞ்சா நின்னுரும். கயிறு நிக்காது."

பிறகு ஒரு கை பச்சைத் தண்ணீரைத் தெளித்தான். மேலே மிதந்த தூள் அடங்கிக் கீழே போனது. குவளையின் அடியில் கெட்டிப்பாலை ஊற்றி, அதன்மேல் துணி வழியாக வடித்துக் கொடுத்தான். மணமாக இருந்தது, கசப்பு நாக்கில் தங்கவில்லை. நான் தூளைக் கெண்டியிலேயே போட்டுக் கொதிக்கக் கொதிக்க விடுகிறவள். என் காப்பிக்கு அவன் வைத்த பெயர் கஷாயம்.

நான் பயந்தவள். அதை மறைக்க ஒன்றுமில்லை. மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் ஆசிரியைப் பயிற்சி முடித்து, நான் முதலில் வேலை பார்த்தது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொருள் போய்விடக் கூடாது என்று சட்டம். கடையில் பால் டின்னோ மீன் டின்னோ வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், யாரும் பதுக்கி வைக்க முடியாது.

தோட்டத்து லயத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் ஐந்து மாதக் கைக்குழந்தைக்காகக் கூடையில் ஒரு பால் டின்னைக் கொண்டு போனாள். கடைக்காரர் குத்த மறந்திருந்தார், அவளும் பார்க்கவில்லை. வாசலில் சோதனை போட்ட பெண்மணி டின்னை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். போலீஸ் லாரியில் ஏற்றும்போது அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவள் திரும்பி வர மாதக்கணக்காயிற்று. வந்தபோது பிள்ளைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

அதன்பின் என் கணவருக்குப் பொதுப்பணி இலாகாவில் வேலை கிடைத்து நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்தோம். இங்கே அந்தச் சட்டம் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. பிறகு நாடு சுதந்திரம் அடைந்தது. சில ஆண்டுகளில் அவசரகாலமும் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். நானும் கேட்டேன். ஆனாலும் வீட்டுக்குப் பால் டின் வந்தால், அலமாரியில் வைப்பதற்கு முன் சுத்தியலும் ஆணியும் எடுத்து அதன் தலையில் இரண்டு ஓட்டை போட்டுவிடுவேன். எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் வைப்பேன். என் கணவர் சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து, "என்ன, இன்னிக்கு எந்தப் புள்ளைக்குக் காதுகுத்து?" என்பார். மகன், "தாய்மாமன் எங்க, மடியில வச்சுக்கச் சொல்லுங்க," என்பான். இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஓட்டை போடுவதை விடவில்லை.

அவசரகாலம் முடிந்த அடுத்த ஆண்டு, லேடாங் மலைக்குப் போகப் போவதாக மகன் சொன்னான். நான்கு பேர். அதில் ஒருவன் எங்கள் தெருவை ஒட்டிய கம்போங் செட்டிக் குடியிருப்புப் பையன், மகனுக்குச் சிறுவயதிலிருந்தே கூட்டாளி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம், வீட்டில் அவர்கள் பேசுவது இப்போது மலாய்தான், ஆனால் என்னை மாமி என்றே கூப்பிடுவான். ஒருவன் ரொட்டி, ஒருவன் கூடாரம் என்று பிரித்துக்கொண்டார்கள். நெருப்பும் காப்பியும் என் மகன் பொறுப்பு.

முதல் நாள் மாலை அவன் பையைக் கட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூள் பொட்டலத்தையும் தீப்பெட்டியையும் வடிதுணியில் சுற்றி அடியில் வைத்தான். அதன்மேல் கெட்டிப்பால் டின். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, இந்த ஒரு டின்னுக்கு மட்டும் காது குத்திராதீங்க. பைக்குள்ள ஊத்திரும்."

"குத்தலப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

காலையில் அவன் குளிக்கப் போனான். நான் அடுப்படியில் நின்றேன். லேடாங் மலை ஜொகூர் எல்லையில் இருக்கிறது, அந்தப் பக்கம் சட்டம் எப்படியோ, வழியில் போலீஸ்காரன் யாராவது பழைய ஆளாக இருந்தால் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கூடையிலிருந்து டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்த அந்தக் கை கண்முன் வந்தது. பையிலிருந்து டின்னை எடுத்தேன். சத்தம் வராமலிருக்க ஆணியின் மேல் துணியை வைத்து அடித்தேன். இரண்டு ஓட்டை. சோற்றுப் பருக்கையைப் பசையாக்கிக் காகிதத் துண்டால் ஒட்டி அடைத்தேன். கேட்டால் ஓட்டையைக் காட்டிக்கொள்ளலாம், கேட்காவிட்டால் பால் ஒழுகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவன் ஈரத் தலையோடு வந்து பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, போய்ட்டு வர்றேன்மா என்றான். வாசல் வரை போனேன், சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. மற்றபடி நன்றாக இருந்தான். காப்பி எப்படி என்று அப்பா கேட்டார். பஸ் வெயிலில் பால் ஒழுகிவிட்டது, தூளும் தீப்பெட்டியும் பாலில் ஊறிக் களியாகிவிட்டன, நெருப்பே மூட்ட முடியவில்லை, ரொட்டியைத் தின்று ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மலையேறி இறங்கினோம் என்றான். டின் எப்படி ஒழுகிற்று என்று அவர் விடவில்லை.

"கடைக்காரர் பழைய பழக்கத்துல குத்திட்டார் போலப்பா. நான் பாக்கல."

அப்பாவிடம்தான் சொன்னான். நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அலசிய வடிதுணியைக் கொல்லையில் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, காப்பி போடுங்கம்மா என்றான். நான் போட்டேன். வழக்கம்போல் கொதிக்கவிட்ட காப்பி. ஒரு சொல் கேலி இல்லாமல் முழுவதையும் குடித்தான். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்றான். நடந்த வலிதான் என்று தைலம் தேய்த்தேன். நான்காம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எலி மூத்திரம் கலந்த காட்டுத் தண்ணீரால் வரும் காய்ச்சல் இது, காட்டில் திரிந்த பட்டாளத்துக்காரர்களுக்கு நிறைய வந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். கொதிக்க வைக்காத ஆற்றுத் தண்ணீரைக் குடித்தானா என்று கேட்டார். என் கணவர்தான் ஆமாம் என்றார். காலில் காயத்தோடு ஆற்றில் இறங்கியிருந்தாலும் வரும், எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் இருந்தேன். இப்போதும் சில நேரம் பிடித்துக்கொள்கிறேன்.

கட்டிலருகே நான் தனியாக இருந்தபோது அவனிடம் கேட்டேன், அந்தத் தண்ணீரை நிறையக் குடித்தாயா என்று. "எல்லாரும்தாம்மா குடிச்சோம். அவனுங்க நல்லாத்தானே இருக்கானுங்க," என்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லலாம், தெம்பு வரட்டும் என்று நினைத்தேன். தெம்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டான்.

கருமாதி அன்று அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்று என் கணவர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காப்பியும் வேண்டும், அதுவும் அவன் மலையில் போடுகிற மாதிரி வேண்டும் என்றார். எனக்கு அந்தக் கைப்பக்குவம் வராது. அந்தச் செட்டிப் பையனை வரச் சொன்னார். உறவுக்காரர்கள் முன்னறையில் இருந்தார்கள். அவன் கொல்லையில் அதே மூன்று செங்கல்லை அடுக்கி, அதே கம்பிப்பிடி டின்னில் தண்ணீர் வைத்தான். என் கணவர் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். நான் அலமாரியிலிருந்து பால் டின்னைத் தட்டோடு எடுத்துவந்து கொடுத்தேன்.

அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். மலாயில்தான் சொன்னான். மலைக்குக் கொண்டு போன டின்னும் இப்படித்தான் இருந்தது மாமி, இதே மாதிரி எதிரெதிராக இரண்டு ஓட்டை. ஊர் திரும்பியதும் அந்தக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடுவேன் என்று நான் சொன்னேன். உங்கள் மகன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றான். விட்டுவிடு, பாவம், அவர் பயந்த ஆள், அந்தக் காலத்தில் என்னென்னவோ பார்த்தவர், இதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று எங்கள் மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கினான் என்றான்.

தண்ணீர் கொதித்துவிட்டது. அவன் டின்னை இறக்கித் தூளைப் போட்டு மூடினான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். துக்க வீடு, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தான். முன்பக்கம் போய், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து, படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான். இரண்டையும் இறுக்கிக் கட்டினான். கட்டியதை அவிழ்க்கத் தொடங்கினான்.

என் கணவர் பால் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டைகள் அவருக்குத் தெரியாதவையா. எத்தனை வருஷம் அவற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"நான்தாங்க குத்தினேன். குத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுக் குத்தினேன்."

தமிழில் சொன்னதால் அந்தப் பையனுக்கு எல்லாம் விளங்கியிருக்காது. ஆனால் கயிற்றின்மேல் அவன் விரல்கள் நின்றுவிட்டன.  முன்னறையில் யாரோ இலை போடச் சொல்லும் சத்தம் கேட்டது. என் கணவர் டின்னிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் சொல்லலை. ஆனா அவனுக்குத் தெரியும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் வெகுநேரம் குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை, எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்தப் பையன் திடீரென்று நினைவு வந்தவனாக, கயிறு பாதி தொங்க எழுந்து ஓடி மூடியைத் திறந்தான். தண்ணீர் தெளித்தான், கொஞ்சம் குவளையில் வடித்து நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. நேரம் அதிகமாகிவிட்டது, கசக்கிறது, கொட்டிவிட்டு வேறு போடுகிறேன் என்றான்.

என் கணவர் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இருக்கட்டும். அவங்கம்மா போடுற மாதிரியே இருக்கு. குடிப்பான்."

நான் வேறு குவளையில் பாலூற்றி அதை வடித்து எடுத்துப் போய் இலையருகே வைத்தேன்.  திரும்பி வந்தபோது அந்தப் பையன் மீதியை மூன்று குவளையில் ஊற்றி வைத்திருந்தான். கொல்லையில் நின்றபடியே குடித்தோம். யாரும் அதைக் கஷாயம் என்று சொல்லவில்லை.