அறை வாங்கிய காதுக்கு ஒரு மெத்தை

என் கை சும்மா இருந்ததே இல்லை. ஒன்று ஊசியைப் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் எவன் சட்டையையாவது பிடித்திருக்கும். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை ஓங்கினார். பிடுங்கி முறித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவன்தான், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்காக எங்கள் அய்யா தார்க்குச்சியால் அடித்த தழும்பு முதுகில் இன்னும் இருக்கிறது. மறுநாளே ரயிலேறி மண்டபத்தில் இறங்கிவிட்டேன். கையில் ஒரு கோணி ஊசிகூடக் கிடையாது.

எடுபிடி வேலை செய்து வளர்ந்து ஆளானதும், ரயிலடிக்கு எதிரே ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, வண்டி மெத்தையும் குதிரைக் கழுத்துப் பட்டையும் தைக்க ஆரம்பித்தேன். எவரிடமும் தொழில் படிக்கவில்லை. பிய்ந்த மெத்தை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், திரும்பத் தைத்தேன், அவ்வளவுதான். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடத்துக்குள், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஓடிய வண்டிகளில் பாதி என் மெத்தையில்தான் ஓடின. அந்தக் கொட்டகையைப் போட விடாமல் தடுத்தான் ஒரு ஜட்காக்காரன். நான் குத்திய ஒரே குத்தில் அவனுக்கு முன்பல் இரண்டும் போயின. அவன் திரும்பவும் வருவான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு மேற்கே, புதுமடம் போகிற பக்கம், கடலோரமாக வயர்லெஸ் கொட்டகை ஒன்று இருந்தது. கப்பல்களிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கீகீ என்று வருகிற சத்தத்தைக் காதால் கேட்டு, அதை எழுத்தாக்கிக் காகிதத்தில் எழுதுகிற ஆபரேட்டர் ஒருவர் அங்கே வேலை பார்த்தார். மதுரைப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொட்டகைக்குப் பின்னாலேயே குடியிருப்பு, அவரும் அவர் சம்சாரமும்.

ஒருநாள் அவர் தன் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இப்போது வருகிற ஹெட்போன் வெற்றிலை மாதிரி லேசாக இருக்கிறது. அன்றைக்கு அது இரும்பு. தலைக்கு மேலே எஃகுப் பட்டை, இரண்டு பக்கமும் கறுப்புக் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில் இருந்த ரப்பர் மெத்தை, வேர்வையிலும் உப்புக்காற்றிலும் இளகித் தார் மாதிரி ஆகியிருந்தது. அவர் காதுமடல் இரண்டும் புண்.

"இதுக்கு மெத்தை தைக்க முடியுமாப்பா?"

"குதிரைக்கே தைக்கிறேன், மனுசனுக்குத் தைக்க மாட்டேனா சார்? தூங்கிருவீக பாருங்க."

உள்ளே தேங்காய் நார், மேலே பஞ்சு, அதற்கு மேலே சிவப்பு வெல்வெட். இரண்டு விரல் தடிமனுக்குத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

நாலாம் நாள் வந்தபோது சிரிப்பு இல்லை. வந்த வேகத்தில் ஹெட்போனை என் முகத்தில் வீசினார்.

"மெத்துமெத்துன்னு இருக்கு, ஒரு எழவும் கேக்கலடா! கப்பல்காரன் மூணு தடவை கூப்பிட்டிருக்கான், என் காதுல விழல. மெட்ராஸ்ல இருந்து மெமோ வந்துருச்சு. குதிரைக்குத் தைக்கிற பயகிட்ட கொண்டாந்து குடுத்தேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும்!"

ஜட்காக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் போனவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என் கையைத் தூக்கியது. விட்டேன் ஒரு அறை, ஆபரேட்டரின் இடது காதோடு சேர்த்து. நின்ற குதிரை ஒன்று மிரண்டு பின்வாங்கியது. மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சட்டைக் காலரில் விழுந்தது. ஹெட்போனைத் தடவி எடுத்துக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். நான் திரும்பிப் போய் ஊசியை எடுத்தேன். அன்றைக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை.

மறுநாள் காலையில் அவர் சம்சாரம் வந்து என் கொட்டகை முன்னால் நின்றது.

"அறைஞ்சவன் நீதானா?"

"ஆமா. போலீசுக்குப் போறதுன்னா போங்க. நான் ஓடிற மாட்டேன்."

"போலீசுக்குப் போனா காதுல அடின்னு எழுதுவாக. காதுல அடின்னு எழுதுனா அவுக வேலை போயிரும். அது தெரியாமயா இங்கன வந்து நிக்கிறேன்?"

அப்புறம்தான் விவரம் சொன்னது. கப்பல்காரன் கூப்பிட்டுக் கேட்காமல் போனதால், அன்றிலிருந்து எட்டாம் நாள் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஆபரேட்டரை உட்காரவைத்து, காதுக்குச் சத்தத்தைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்ப்பார். வலது காது, பழைய புண்ணும் ஆறி, நன்றாக இருக்கிறது. அது ஒன்று போதும் எழுதுவதற்கு. ஆனால் இடது காதின் மேல் துணி பட்டாலே துடிக்கிறார். அந்தப் பக்கத்தை மாட்டாமல் விட்டால் அதிகாரி ஏன் என்று கேட்பார். காது கெட்ட ஆபரேட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்?

"அவுகளுக்கு வேற தொழில் தெரியாது" என்றது.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீ ஒழுங்காத் தைச்சிருந்தா அவுக ஏன் வந்து கத்துறாக? தைக்கத் தெரியாதவனுக்குத்தான் கை நீளும்."

என்னை அடித்தவர்கள் உண்டு. கல்லால் மண்டையை உடைத்தவன் உண்டு. தைக்கத் தெரியாதவன் என்று அதுவரை ஒரு மனிதனும் சொன்னதில்லை. ஊசி, நூல், கத்தி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன்.

ஆபரேட்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் காலால் என் பக்கம் தள்ளினார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அதை என் தலையில் மாட்டினேன். மாட்டிப் பார்க்காமலே மெத்தை தைத்திருக்கிறேன், அதுதான் என் முட்டாள்தனம். வெல்வெட் மெத்தையோடு கேட்டேன். கீகீ சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்பது போல இருந்தது. கடல் இரைச்சல்தான் காதுக்குள் இருந்தது. மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் கிண்ணத்தை அழுத்தினேன். சத்தம் ஊசியாகக் குத்தியது, கிண்ணமும் குத்தியது.

இரண்டு நாள் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அங்கே கற்றதை எந்தப் படித்தவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மெத்தை தடித்தால் காது கிண்ணத்தைவிட்டு விலகுகிறது, சத்தம் குறைகிறது. துணி போட்டால் அதன் இழை வழியாக உள்சத்தம் கசிகிறது, வெளிச்சத்தம் நுழைகிறது. நடு ஓட்டையைச் சின்னதாக விட்டால் வாயில் துணி அடைத்தவன் பேசுவது போல மங்குகிறது. தோல் போட்டு, ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் காதைச் சுற்றி உட்காரவைத்தால், கடல் வாயை மூடிக்கொள்கிறது. கனத்த சத்தமும் மெல்லிய சத்தமும் முழுசாக வருகிறது. மெத்தை சுகத்துக்கு மட்டும் இல்லை, அதுவும் கேட்கிற கருவியில் ஒரு பாகம்தான்.

ஆனால் புண்பட்ட காதுக்கு மெதுவாக எதை அடைப்பது? அங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டப் போய்க் கெட்டேன். சங்கு குளிக்கிறவர்கள் கடலடியிலிருந்து கொண்டுவந்த கடற்பஞ்சு என்னிடம் கிடந்தது. குழந்தை கன்னம் மாதிரி மெதுவாக இருக்கும். அதை அறுத்து அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். முதல் நாள் ஆபரேட்டர் தலையை ஆட்டினார். கடற்பஞ்சுக்குள் உப்பு இருக்கும் என்பது கடலோரத்தில் பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்தது. மறுநாள் மெத்தை நனைந்து உப்புநீர் கசிந்து புண்ணில் இறங்கிவிட்டது. கிண்ணத்துக்குள் இருந்த மெல்லிய இரும்புத் தகட்டிலும் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

மனிதர் அலறிக்கொண்டு எழுந்தார். ஹெட்போனை வயரோடு சுழற்றி என் நெற்றியில் அடித்தார். கீழே விழுந்த என்னை விலாவில் மிதித்தார். ஒல்லி ஆளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் ஒரு கையால் அவரைத் தூக்கி எறிந்திருப்பேன், எறியவில்லை. மிதித்து முடிக்கட்டும் என்று கிடந்தேன்.

"போதும்" என்றது சம்சாரம் வாசலில் நின்று. "அவனக் கொன்னுட்டா எவன் தைக்கிறது?"

நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மூளை திறந்தது. குதிரைக்குத் தோளில் புண் வந்தால் புண்ணின் மேல் மெத்தை வைக்க மாட்டோம். புண் இருக்கும் இடத்தைக் குடைந்துவிட்டு, சுற்றியுள்ள நல்ல சதையில் பாரம் இறங்கும்படி தைப்போம். குதிரைக்குத் தைக்கிறவன் என்று அவர் திட்டினாரே, அதுதான் மருந்து.

கறிக்கடை பாயிடமிருந்து குட்டியாட்டுத் தோல் வாங்கி, தேங்காயெண்ணெய் போட்டுப் பிசைந்து துணி மாதிரி இளக்கினேன். இடது பக்கத்துக்குப் பெரிய வளையம், உள்ளே இலவம்பஞ்சு. காதுமடலைத் தொடாமல் காதுக்கு வெளியே எலும்பில் உட்காரும். நடுவில் காது முழுவதும் சும்மா இருக்கும். அந்தப் பக்கம் சத்தம் குறையும், குறையட்டும். வலது பக்கத்துக்கு ஒரு காசுக் கனத்தில் மெல்லிய மெத்தை, தையல் கண்ணுக்குத் தெரியாது, காதோடு ஒட்டிக்கொள்ளும். எஃகுப் பட்டையையும் வளைத்து, இடது பக்கம் தளர்ந்து வலது பக்கம் இறுகும்படி செய்தேன். புதிது என்று தெரியக்கூடாது என்று சம்சாரம் சொன்னதால், விளக்குக்கரியைத் தேய்த்துப் பழசாக்கினேன். ஆபரேட்டர் மாட்டினார். முகம் சுளிக்கவில்லை. பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த இங்கிலீஷ் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பென்சில் நிற்காமல் ஓடியது எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் காலை ரயிலுக்கு அதிகாரி வருகிறார். ரயிலடிக்குப் போனால் பல் போனவன் வண்டியைப் பூட்டி முன்னால் நிறுத்தியிருக்கிறான்.

"ஏலே மெத்தைக்காரா, மெட்ராஸ் தொரைய நாந்தான் ஏத்தப் போறேன். போற வழியெல்லாம் உன் கையோட பவுசையும் அந்தாளு காதோட கதையையும் சொல்லிக்கிட்டே போவேன்."

"எறங்குலே கீழ."

சாட்டையால் பதில் சொன்னான். தோளிலிருந்து இடுப்புவரை தீ இழுத்தது. இரண்டாவது வீச்சில் சாட்டையைப் பிடித்து இழுத்தேன், ஆளும் சேர்ந்து வந்தான். வண்டிச் சக்கரத்தில் அவன் முதுகை மோதினேன். என் வலது கட்டைவிரலைக் கடித்தான். முன்பல் இல்லாதவன் பக்கப்பல்லால் கடித்தான், எலும்புவரை இறங்கியது. விடவேயில்லை. அவன் தோளில் முழங்காலை ஊன்றி அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தான். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். ஒரு மாதம் அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அது பாவம்தான். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரயில் வந்தது. அவன் வண்டியில், நான் தைத்த மெத்தையில், அதிகாரியை நானே ஏற்றிக்கொண்டு போனேன்.

"கையில் என்னய்யா ரத்தம்?"

"குதிரை கடிச்சிருச்சு சார்."

வயர்லெஸ் கொட்டகையில் அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன். அன்றைக்கு மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது, கடல் கத்தியது. ஆபரேட்டர் இரண்டு பக்கமும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி கீகீ சத்தம் எழுப்புகிற தந்திக் கட்டையைத் தட்டினார். பென்சில் ஓடியது. வேகமாகத் தட்டினார். பென்சில் வேகமாக ஓடியது. காகிதத்தை வாங்கிப் பார்த்தார், வாயைப் பிதுக்கினார், தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அதிகாரி அந்த ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டினார்.

"என்ன இது? இடது பக்கம் கிணத்துக்குள்ள இருந்து வருது, வலது பக்கம் அடிக்குது. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. ஏன்யா இப்படி?"

ஆபரேட்டர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கை தன்னை அறியாமல் இடது காதுக்குப் போகத் தொடங்கியது. சம்சாரம் உள்வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தது.

"நாந்தான் சார்" என்றேன். "இடது பக்கத்து மெத்தை பிஞ்சு போச்சுன்னு சார் என்கிட்ட குடுத்தாக. நான் குதிரைக்குத் தைக்கிறவன். தெரியாமப் பெருசாத் தைச்சுப்புட்டேன்."

என் ஆயுளில் என் தையலை நானே குறை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அதானே பாத்தேன். அப்ப வலது பக்கம்?"

இரண்டையும் நான் தைத்தேன் என்றால், ஒன்றை ஒழுங்காகத் தைத்தவன் இன்னொன்றை ஏன் கெடுத்தான் என்று கேட்பார். கேட்டால் பேச்சு ஆபரேட்டரின் காதில் வந்து நிற்கும்.

"அது கம்பெனியில இருந்து வந்த பழசு சார்."

அதிகாரி வலது மெத்தையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்தினார். காதில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"இது வேலை! தையல் எங்க இருக்குன்னே தெரியல, சத்தமும் ஒரு துளி வீணாகல. இதப் பாத்துக் கத்துக்கய்யா. கண்டதையும் தைச்சு மனுசன் காதைக் கெடுக்காதே."

கடிபட்ட விரல் விண்விண் என்று தெறித்தது. கை தானாக மூடிக்கொண்டது. மூடிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன்.

அதிகாரியை ரயிலேற்றிவிட்டு, ஊசிப்பையை எடுக்க வயர்லெஸ் கொட்டகைக்குத் திரும்பினேன். ஆபரேட்டர் எட்டு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"காது ஆறுனதும் இடது பக்கமும் அதே மாதிரி தைச்சுத் தா. ஆனா நீ தைச்சதுன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே, கொன்னுபுடுவேன்."

தைத்துக் கொடுத்தேன். அவர் வேலையில் இருந்தவரைக்கும், அதற்கப்புறம் அவர் இருந்தவரைக்கும், வாயைத் திறக்கவில்லை. ஊரில் நான் பீற்றிக்கொள்ளாத ஒரே விஷயம் அதுதான். இப்போது அவரும் இல்லை, அந்தக் கொட்டகையும் இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன். வலது பக்கத்து மெத்தை எந்தக் கம்பெனியிலிருந்தும் வரவில்லை. நான் தைத்தது. இடது பக்கமும் நான் தைத்ததுதான், தெரிந்தே அப்படித் தைத்தேன். அந்தக் காதை அறைந்ததும் நான்தான்.