பெரிய திரையும் இருபது விரல்களும்

போன் விற்கிற தொழிலில், ஆசைப்பட்ட போனும் வாங்கின போனும் ஒன்றாக அமைந்த மனிதரைப் பார்ப்பது அபூர்வம். நீங்களும் ஒரு கண்ணாடிப் பெட்டி முன் நின்று, விலை உயர்ந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு வேறொன்றை வாங்கிப் போனவராகத்தான் இருப்பீர்கள். வாருங்கள், நம் ஆட்கள் கதைதான்.

மண்ணூர்பேட்டையில் தேவாவின் போன் கடையில் எனக்கு ஒரு வேலை. புதிதாக வருகிற போனை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்து, அதன் குணத்தை நாலு வரியில் அட்டையில் எழுதிக் கொடுப்பேன். தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இந்த வயதில் கிடைத்த உத்தியோகம்.

சட்டைப் பை

போன மாதம் ஒரு பெரிய திரைப் போன் வந்தது. பேர் பெற்ற உயர் ரகப் போன் ஒன்றின் விலையில் இதில் இரண்டு வாங்கலாம், மிச்சமும் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிந்தது. சார்ஜ் இரண்டு நாள் நின்றது. படுத்தபடி படித்தால் மணிக்கட்டு வலித்தது. கூப்பிட ஆளில்லாத வீட்டுக்கு அவ்வளவு பெரிய திரை கொஞ்சம் அதிகப்படிதான். அதை மட்டும் அட்டையில் எழுதவில்லை.

முதலில் அதைக் கையில் எடுத்தவர் ஓர் ஆட்டோக்காரர். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். பாதி வெளியே நின்றது. தேவாவிடம் கேட்டார்: “இன்னா நைனா, இத்த நான் பாக்கெட்ல வெச்சிக்கணுமா, இல்ல இது மேல நான் படுத்துக்கணுமா?”

பாட்டு

அடுத்து வந்தவர்கள் மேனாம்பேடு தம்பதி, ரவியும் மலரும். ரவி தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். இருவருக்கும் காது கேட்காது, கைகளால்தான் பேச்சு. கூட வந்த மலரின் தங்கை கலா எங்களுக்கு எடுத்துச் சொன்னாள். மலருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை பயணம். இனி வீடியோ காலில்தான் குடும்பம். பழைய சின்னப் போனில் முகம் தெரிந்தால் கை தெரியாது; தள்ளி நின்றால் விரல்கள் தீக்குச்சி ஆகிவிடும். உயர் ரகப் போனில் எல்லாம் தெரிகிறது, ஆனால் அது ஆளுக்கொன்று வாங்குகிற பொருளா?

தேவா உற்சாகமாகப் பெரிய போனை எடுத்தான். எந்த வாடிக்கையாளருக்கும் அவன் முதலில் செய்வதையே செய்தான்: ஒரு குத்துப்பாட்டை முழு ஒலியில் வைத்து நீட்டினான். என்ன செய்தோம் என்று உறைத்ததும் முகம் வெளுத்துவிட்டது. மலர் நிதானமாக அதை உள்ளங்கையில் வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அக்கறையான முகத்தோடு ஏதோ சைகை செய்தாள். கலா சொன்னாள்: “ரொம்ப உதறுதாம். போனுக்கு சாமி வந்துச்சானு கேக்கறா.”

மின்விசிறி

அதே ரகத்தில் இரண்டு போன்களை எடுத்து, நடுவில் அழைப்பு போட்டுச் சோதித்தோம். ரவி கல்லாப் பக்கம், மலர் கடையின் உள்கோடியில். படம் பெரிதாக வந்தது. இடுப்பு முதல் தலைவரை தெரிந்தாள். ஆனால் அவள் வேகமாகப் பேச ஆரம்பித்ததும் விரல்கள் மின்விசிறி இறக்கைபோலக் கலங்கின. ரவி திரும்பத் திரும்ப, மறுபடி சொல் என்று சைகை காட்டினார். ஐந்து விரலில் ஒன்று மறைந்தால் அவர்களுக்கு வாக்கியமே மாறிவிடும் என்றாள் கலா.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ரவி போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல. தேவா என் காதருகே குனிந்தான்: “பெரிம்மா, நீங்க நம்ம கட்சியா, அவங்க கட்சியா?”

போஸ்டர்

ஆசை காட்டிவிட்டு வேண்டாம் என்றதில் மலருக்குக் கோபம். கையில் போன் இருப்பதையும் மறந்து விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். வெயிலில் இறங்கிய பிறகுதான் அழைப்பு இன்னும் ஓடுவதைக் கவனித்தாள். அதிலேயே ரவியைப் பார்த்து, கிளம்பு என்று ஒற்றைக் கையால் வெட்டிச் சொன்னாள். கல்லாவிலிருந்த திரையில் அந்தக் கை துல்லியமாக விழுந்தது. வளையலும் நகமும்கூடத் தெரிந்தன.

அப்போதுதான் நாங்கள் கடையின் முகப்பைப் பார்த்தோம். உயர் ரகப் போன் ஒன்றின் விளம்பரம் கண்ணாடி முழுவதையும் அடைத்து வெளிச்சத்தை மறித்திருந்தது. தேவா அதைக் கிழித்தான். உள்கோடி வரை வெளிச்சம் வந்தது. மலரைத் திரும்ப அழைத்து, அதே உள்கோடியில் நிறுத்தி மறுபடி சோதித்தோம்; எவ்வளவு வேகமாகப் பேசினாலும் விரல்கள் விரல்களாகவே இருந்தன. ராத்திரியில் முகத்துக்கு எதிரே நல்ல விளக்கு வேண்டும் என்றேன். ஓசூரில் மலர் தங்கப் போகிற விடுதியில் கட்டிலுக்கு எதிரிலேயே டியூப்லைட் இருக்கிறதாம். ரவி வீட்டில் பெரிய பல்பு மாட்டிவிடுவாராம்.

இரண்டு போனுக்கும் தேவா பில் போடுவதற்குள் திரைகளில் கைகள் வேகம் பிடித்தன. ரவியின் புருவம் ஏறியது, மலரின் விரல்கள் பறந்தன. என்ன பேசுகிறார்கள் என்று கலாவைக் கேட்டேன். “இன்னும் பஸ்ஸே ஏறல ஆன்ட்டி, அதுக்குள்ள போன்ல சண்டை ஆரம்பிச்சிட்டாங்க. மீதிய நான் சொல்ல மாட்டேன், காது கேக்கறவங்க கேக்கற மாதிரி இல்ல.”

கணவன் மனைவி சண்டை ஒரு விரல் விடாமல் தெரிந்தால் அது நல்ல போன். அதற்கு மேல் கொடுக்கிற விலையெல்லாம் அக்கம்பக்கத்தாருக்காகக் கொடுப்பது.