கடைசி மிதவை

பித்தளையில் செய்த அந்த மிதவை ஒரு சின்ன மாத்திரை டப்பா அளவுதான் இருக்கும். பிட்டர் அண்ணன் அதை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து, என் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். உள்ளே பெட்ரோல் குலுங்கியது. "கேட்டீங்களா கிராணியாரே, குடிச்சிருக்கு. குடிச்சவன் எப்படி மிதப்பான்?" என்றார். நான் சிரித்தேன். அன்று சிரித்ததற்காகக்கூட இப்போது எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஓர் அரசாங்கப் பட்டறை. எந்த இலாகா என்பது வேண்டாம். நான் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறைக் குமாஸ்தா. ஆங்கிலம் படித்தவன், எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எழுத வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிட்டர் அண்ணன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்கு வந்து, இயந்திரத்தோடு பழகிப் பட்டறைக்கு ஏறி, பழுது பார்க்கும் பிட்டர் ஆனவர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்களுக்கு மேலே பெரிய கிராணி. என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர், எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர். அவருக்கும் மேலே வெள்ளைக்காரத் துரை. பழுதான கார் துரையுடையது.

கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, புது ஊசியும் புது வாஷரும் போட்டு மாட்டிய பிறகும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது. இயந்திரம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கார்புரேட்டருக்குள் ஒரு கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் ஏற ஏற மிதவை எழும்பி, ஊசியைத் தள்ளி, வரும் வழியை அடைத்துவிடும். மிதவையில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தால் அது கனத்து அமிழும், வழி அடைபடாது, பெட்ரோல் பொங்கிச் சூடான இயந்திரத்தின்மேல் வழியும். புது மிதவை போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. பிட்டர் அண்ணன் அதைத்தான் கேட்டார்.

ஸ்டோரில் ஒரே ஒரு மிதவை இருந்தது. இங்கேதான் எங்கள் பட்டறையின் புனிதமான வழக்கம் குறுக்கே வந்தது. எந்தப் பொருளாக இருந்தாலும் கடைசி ஒன்றைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பேரேட்டில் சைபர் விழும். தணிக்கைக்கு வருகிறவர் ஏன் முன்கூட்டியே தருவிக்கவில்லை என்று கேட்பார். ஆகவே எங்கள் தட்டுகளில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று இருந்தது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும்.

நான் பெரிய கிராணியிடம் போனேன். அவர் கண்ணாடியைக்கூட உயர்த்தவில்லை. "தம்பி, கடைசி ஒண்டைக் குடுக்கேலாது. உது பித்தளைதானே, ஈயம் வைச்சு ஒட்டச் சொல்லு" என்றார். நான் பிட்டர் அண்ணனுக்காகப் பொருள் கேட்டு எழுதிய இண்டென்ட் சீட்டின் குறுக்கே 'கையிருப்பில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகானது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

பிட்டர் அண்ணன் மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்தினார். குமிழி வந்த இடத்தில் துளையைக் கண்டுபிடித்து, உள்ளிருந்த பெட்ரோலை வெளியேற்றி, ஈயம் வைத்து அடைத்தார். அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு இன்றும் தகுதி இல்லை. ஆனால் ஈயத்துக்கும் கனம் உண்டு. மாட்டிப் பார்த்தால் மறுபடியும் சொட்டியது. தபால் நிறுக்கும் தராசில் பழைய மிதவையையும் ஸ்டோரில் இருந்த புதியதையும் நானே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பழையது தட்டை இழுத்துக்கொண்டு இறங்கியது. அதைப் பெரிய கிராணியிடம் சொன்னபோது, "தராசு கடிதம் நிறுக்கத் தந்தது, தம்பி" என்றார்.

பிட்டர் அண்ணன் ஈயத்தை அரம் போட்டுத் தேய்த்து மெலியச் செய்தார். சொட்டு நின்றது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "கனமா வச்சா முங்குது. மெல்லிசா வச்சா ரோட்டு ஆட்டத்துல விட்டுப்போகும். தொரை போற கிள்ளான் வரைக்கும் தாங்காது. இத வச்சு வண்டிய அனுப்பாதீங்க கிராணியாரே" என்றார். பெரிய கிராணிக்கோ வேலைச் சீட்டு அன்று மாலைக்குள் முடிய வேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: பழுது நீக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, ஓட்டத் தகுந்தது. கட்டைவிரலில் மை தடவிக்கொண்டே பிட்டர் அண்ணன், "என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வழக்கமா எழுதுறதுதான் அண்ணே" என்றேன். அவர் ரேகை வைத்தார்.

இரண்டாம் நாள் கிள்ளான் சாலையில் கார் தீப்பிடித்தது. துரைக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பி மட்டும் போயிற்று. காரும்கூட மூடியும் சில குழாய்களும் கருகியதோடு பிழைத்துக்கொண்டது. போனது பிட்டர் அண்ணனின் வேலை. மறுநாள் காலை துரையின் அறையில் விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. துரை சீட்டை எடுத்தார், ரேகையைக் காட்டினார், "யாருடையது?" என்றார். பெரிய கிராணி சொன்னார். பிட்டர் அண்ணன் தமிழில் சொன்னதைப் பெரிய கிராணிதான் ஆங்கிலத்தில் மாற்றினார். மாற்றும் வழியில் 'வேண்டாம் என்றேன்' என்பது காணாமல் போயிற்று. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். கேட்டால் ஒழியச் சின்ன கிராணி பேசக் கூடாது என்பது முறை. நான் முறைப்படி நின்றேன்.

அன்று பிற்பகலே துரையின் சிவப்பு மைக் குறிப்பு வந்தது: காருக்கு உடனே புது மிதவை போடவும். பெரிய கிராணி அந்தக் கடைசி ஒன்றைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பேரேட்டில் சைபர் விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த தணிக்கைக்கு வந்தவர் அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். பட்டறைகளெல்லாம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. தீப்பிடித்த காருக்கு ரேகை வைத்தவனை யார் சேர்ப்பார்கள்? பட்டறை ஆட்களுக்கென்று தந்திருந்த லயத்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் தந்தார்கள். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்காக அவர் நின்றபோது நான் போய்ப் பார்த்தேன். மனைவி தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டோருல ஒன்னு இருந்துச்சாமே" என்றார் பிட்டர் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன்.

"இருந்தது அண்ணே."

"அப்ப தொரை முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணே."

அவர் மனைவி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கேட்டாத்தான் தெறக்குமாக்கும், படிச்சவுக வாயி."

"விடு புள்ள, வண்டி வருது" என்றார் அவர்.

பெரிய கிராணியை மட்டும் திட்டி இதை முடித்துவிடலாம், அவர் இறந்தும் வெகுகாலமாகிறது. ஆனால் பின்னால் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அந்த வழக்கத்தை ஒழிக்க ஒரு வரிச் சுற்றறிக்கை போதும். எழுதவில்லை. என் காலத்திலும் தட்டுகள் அழகாகவே இருந்தன. இன்று சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஓய்வூதியம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. என் சேவையில் ஒரு கறையும் இல்லை என்று காகிதம் சொல்கிறது.

இத்தனை ஆண்டுகளில் அந்த விஷயத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் இப்போது இல்லை. கேளாமலே சொல்கிறேன்: மிதவை இருந்தது. மூன்றாவது தட்டில், இடது ஓரத்தில், மெழுகுத்தாளில் சுற்றி இருந்தது. அவர் வண்டியை அனுப்ப வேண்டாம் என்றார். நான் அதை என் காதால் கேட்டேன்.